பி1 சான்றிதழ் இருக்கிறது, பேச்சு வரவில்லையா? ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜெர்மனிக்கு வந்து சேரும் நம்மவர்கள் பலரிடம் ஒரே புலம்பலைக் கேட்கிறேன். ஜெர்மன் கற்பிக்கும் சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் (கோதே நிறுவனம்) ஏ1, ஏ2, பி1 என்று மொழித்திறன் நிலைகளை வரிசையாக முடித்திருப்பார்கள், மதிப்பெண்ணும் நன்றாக இருக்கும். ஆனால் ரொட்டிக்கடையில் முதுகுக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கும்போது ஒரு வாக்கியம்கூட வாயில் வராது. இவர் தடுமாறுவதைப் பார்த்துக் கடைக்காரப் பெண்மணி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். மென்பொருள் வேலை என்றால் அலுவலகமும் ஆங்கிலம்தான், வீட்டுக்கு வந்தால் தமிழ். இப்படியே வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம், ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குடியுரிமைக்கு பி1 கட்டாயம். ப்ளூ கார்டில், அதாவது உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதியில், இருப்பவர் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு ஏ1 மட்டும் வைத்திருந்தால் 27 மாதம் காத்திருக்க வேண்டும், பி1 இருந்தால் 21 மாதம் போதும். சான்றிதழ் ஒரு பக்கம் இருக்கட்டும். குழந்தையின் கிண்டர்கார்ட்டன் ஆசிரியையிடம் நாலு வார்த்தை பேச முடியாவிட்டால் ஊர் ஊராகவே இருக்காது.

பேச்சுப் பழக்கத்துக்கு நான் சொல்லும் வழி இணைய விளையாட்டு. சிரிக்காதீர்கள். துப்பாக்கி விளையாட்டு எதுவும் இதற்கு உதவாது. அதில் ஜெர்மானியர்களே பாதி ஆங்கிலத்தில்தான் கத்துகிறார்கள், மீதி கெட்ட வார்த்தை. பேசினால்தான் ஜெயிக்க முடியும் என்ற ஆட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் படியாக ஸ்கிரிபிள். ஒருவர் படம் வரைய, மற்றவர்கள் அது என்ன என்று தட்டச்சு செய்ய வேண்டும். மொழியை ஜெர்மன் என்று மாற்றிக்கொள்ளலாம். எழுத்துப் பிழை இருந்தால் விடை செல்லாது, கிட்டத்தட்டச் சரி என்று மட்டும் சொல்லும். அதனால் சொல் மண்டையில் ஆணியடித்தது போல் இறங்கும். ஜெர்மன் விசைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள், இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். ஒரு குறை: சொற்கள் பாலைக் காட்டும் டேர், டி, டாஸ் என்ற முன்சொல் இல்லாமல் மொட்டையாக வரும். பால் எது என்று பக்கத்தில் ஒரு தாளில் நீங்களே குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஷ்டாட் லாண்ட் ஃப்ளுஸ். ஜெர்மன் பிள்ளைகள் கார் பயணத்தில் தாளும் பேனாவும் வைத்து விளையாடும் பழைய ஆட்டம், இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு எழுத்து விழும். அந்த எழுத்தில் ஒரு ஊர், ஒரு நாடு, ஒரு ஆறு, கூடவே தொழில், விலங்கு என்று எழுத வேண்டும். வேறு யாரும் எழுதாத விடைக்கு 10 புள்ளி, இரண்டு பேர் ஒன்றையே எழுதினால் ஆளுக்கு 5. ஊர், ஆறு போன்ற ஒரு பிரிவில் நீங்கள் ஒருவர்தான் விடை எழுதியிருக்கிறீர்கள் என்றால் 20. 'கே' விழுந்தால் மற்றவர்கள் கோல்ன் என்று எழுதி ஐந்தைந்தாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நீங்கள் ஊருக்குக் கும்பகோணம், ஆற்றுக்குக் காவிரி என்று எழுதுங்கள். ஆட்டமே அதற்குப் பிறகுதான். "வோ லீக்ட் டாஸ்?", அது எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் அப்படி ஒரு ஆறே கிடையாது என்பார். குடகில் பிறந்து பூம்புகாரில் கடலில் சேரும் ஆற்றை, புள்ளிக்காக, ஜெர்மனில் வாதாடி நிலைநாட்ட வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் உங்களை இந்த வேகத்தில் பேச வைக்காது. தெரிந்த விஷயத்தைப் பற்றித் தெரியாத மொழியில் பேசுவதால் பயமும் இருக்காது. வாதத்தில் தோற்றாலும் பரவாயில்லை, அதற்குள் பத்து வாக்கியம் பேசியிருப்பீர்கள்.

அடுத்த படி அமாங் அஸ், கூட்டத்தில் ஒளிந்திருக்கும் கொலைகாரரைப் பேசிக் கண்டுபிடிக்கும் ஆட்டம். சாட் மொழி ஜெர்மன் என்று வைத்து அறை தேடலாம். கூட்டத்தில் ஒருவர் செத்துக் கிடப்பார், எல்லோரும் உங்களைக் கேட்பார்கள்: "வோ வார்ஸ்ட் டு?" எங்கே இருந்தாய், யாரோடு போனாய், யாரைப் பார்த்தாய் என்று எல்லாமே இறந்தகாலம். அதோடு அறைக்குள் இருந்தாயா, அறைக்குள் போனாயா என்பதில் டாட்டிவா அக்குசாட்டிவா, எந்த வேற்றுமை போடுவது என்ற நம் பழைய தலைவலியும் தானாக ஓடிவிடும். பதில் சொல்லத் தயங்கினால் நீங்கள்தான் கொலைகாரர் என்று வெளியேற்றிவிடுவார்கள். தயக்கத்துக்கு இதைவிட நல்ல வைத்தியம் தெரியவில்லை.

பொறுமைசாலிகளுக்கு லாண்ட்விர்ட்ஷாஃப்ட்ஸ் சிமுலேட்டர் என்ற விவசாய விளையாட்டு. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து கணினியில் டிராக்டர் ஓட்டுவதில் ஜெர்மானியர்களுக்கு என்ன சுகமோ! ஆனால் கூட்டாக விளையாடும்போது யார் உழுவது, யார் அறுப்பது, எப்போது விற்பது என்று திட்டமிட்டுக்கொண்டே இருப்பார்கள். கோதே பி1 பேச்சுத் தேர்வின் முதல் பகுதி என்ன என்று நினைக்கிறீர்கள்? இருவர் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவதுதான்.

ஆட்களைப் பிடிக்க டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஜெர்மன் பேசும் குழுக்களில் சேருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் உள்ள பெரிய குழுவில் உங்கள் குரல் கரைந்துவிடும். வாரம் ஒரே நாளில் ஒரே நேரத்தில் கூடும் சின்னக் கூட்டமே மேல். முதலில் எழுத்தில் மட்டும் பேசுங்கள், முகங்கள் பழகியபின் மைக்கைத் திறக்கலாம். ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறேன், ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம், தவறைத் திருத்துங்கள் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலும் மதிப்பார்கள், திருத்துவதில் சிலருக்குத் தனி மகிழ்ச்சியே உண்டு. குரலில் ஷ்வாபிய வழக்கோ பவேரிய வழக்கோ கேட்டால் மிரள வேண்டாம், உங்கள் வகுப்பாசிரியர் ஏமாற்றவில்லை. ஷ்டுட்கார்ட்டிலோ முனிக்கிலோ இருப்பவர்களுக்கு அந்தக் காது எப்படியும் தேவைப்படும்.

டாண்டம், ஹலோடாக் போன்ற மொழிப் பரிமாற்றச் செயலிகளும் பயன்படும், ஆனால் விழிப்பு வேண்டும். இரண்டாவது நாளே முதலீடு, கிரிப்டோ என்று பேசுபவர்களை உடனே தடை செய்யுங்கள்.  வீட்டு முகவரி யாருக்கும் வேண்டாம்.

சாட் ஜெர்மனை அப்படியே வெளியே எடுத்துப் போகாதீர்கள். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'டு', அதாவது நீ. வெளிநாட்டவர் அலுவலகத்திலோ வீட்டுக்காரரிடமோ 'சீ', அதாவது நீங்கள், என்று மரியாதையாகத்தான் தொடங்க வேண்டும். சாட்டில் பலர் பெயர்ச்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவதில்லை, தேர்வுத் தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் போகும். வாடகை ஒப்பந்தமும் வரிக் கடிதமும் எந்த விளையாட்டிலும் வராது. அதற்கு ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற முதியோர் கல்வி மையத்தின் மாலை வகுப்புதான்.

இன்னும் இரண்டு விஷயம். ஊரில் செய்ததுபோல் டொரன்டில் விளையாட்டைப் பதிவிறக்க வேண்டாம். இங்கே வழக்கறிஞரிடமிருந்து ஆப்மானுங் என்ற எச்சரிக்கைக் கடிதம் வீடு தேடி வரும், நூற்றுக்கணக்கான யூரோ கேட்பார்கள். அந்தக் கடிதத்தின் ஜெர்மன் பி1-க்கு எட்டாது. மற்றொன்று, இரவு 10 மணிக்கு மேல் அமைதி நேரம். காவிரிக்காக எவ்வளவு வாதாட வேண்டியிருந்தாலும் அதைப் பத்துக்குள் முடித்துவிடுங்கள். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஜெர்மன் நன்றாகவே புரியும்.