மங்கை சித்தி கதை முகாமுக்குப் போகிறார்

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மே மாதம் நடந்த பேச்சு. பெயர்கள் என் போனில் இருக்கிறபடி.)

*புதன் இரவு*

நீடாமங்கலம் சித்தி: எல்லோருக்கும் ஒரு செய்தி. கும்பகோணத்தில் நடக்கிற கோடைச் சிறுகதை முகாமுக்கு என் கதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெள்ளி காலை போனால் திங்கள் சாயங்காலம்தான் திரும்ப முடியும். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டுமாம்.

வள்ளி: சித்தி!! பருத்திக் கதைதானே?

நீடாமங்கலம் சித்தி: ஆமாம் கண்ணு. நீ உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்ததுதான்.

வலங்கைமான் மாமா: ரொம்ப சந்தோஷம் அக்கா. பெரியவருக்கு வேளாவேளைக்குக் கஞ்சியும் மாத்திரையும் யார் கொடுப்பது? அத்தானுக்குக் கடை இருக்கிறதே.

கும்பகோணம் அத்தை: அவர் எனக்கும் அப்பாதான் தம்பி. நான் வியாழன் சாயங்காலமே பஸ் ஏறிவிடுகிறேன். மங்கை, நீ துணிமணி மட்டும் எடுத்து வை. என் பெண் பிரசவத்துக்கு நீ வந்து ராத்திரி பகலாகக் கண் விழித்தாய். நீ என் ஊருக்கு வா, நான் உன் வீட்டுக்கு வருகிறேன்.

நீடாமங்கலம் சித்தி: அண்ணி, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நீடாமங்கலம் சித்தப்பா: போய்விட்டு வா. இத்தனை வருஷமாக அடுப்பை அணைத்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு எழுத உட்காருகிறாய். பகல் வெளிச்சத்தில் நாலு நாள் எழுது.

அமெரிக்கா கார்த்தி: வாழ்த்துகள் சித்தி. இங்கே இது பெரிய விஷயம். வெர்மாண்ட் மாநிலத்தில் பிரெட் லோஃப் என்று ஒரு மலைப்பக்கம் 1926 முதல் எழுத்தாளர் மாநாடு நடக்கிறது. மிடில்பரி கல்லூரிக்கு உயிலில் வந்த பழைய விடுதியும் நிலமும் அது. ஆகஸ்ட்டில் பத்து நாள் எழுத்தாளர்கள் அங்கே கூடுவார்கள். கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் பல வருஷம் போயிருக்கிறார். என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண் போய் வந்தார். மேடைப் பேச்சை எல்லாம் மறந்துவிட்டாராம். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் தன் கதையை வரி வரியாகப் பேசியதுதான் மனத்தில் நிற்கிறது என்றார்.

வலங்கைமான் மாமா: எல்லா ஊரிலும் கோடையில்தான் நடக்குமா?

அமெரிக்கா கார்த்தி: பெரும்பாலும் அப்படித்தான் மாமா. அப்போதுதான் கல்லூரி விடுதி காலியாக இருக்கும், வாத்தியார்களுக்கும் லீவு.

மன்னார்குடி பெரியப்பா: நம் பக்கமும் அதே கதைதான். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிறது, வயலில் நெல் இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை. சரி, மங்கை, ஒன்று சொல்கிறேன். நீ போகிற ஊர் சாதாரண ஊர் இல்லை. எழுத்தாளர்கள் கு.ப.ராஜகோபாலனும் ந.பிச்சமூர்த்தியும் பிறந்த ஊர். கு.ப.ரா. மேலூரில் தாலுகா ஆபீஸ் வேலையில் இருந்தவர். கண்புரை வந்து பார்வை போய், வேலையை விட்டுவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதியது அவர் தங்கை சேது அம்மாள். அண்ணனுக்காக எழுதப் போய் அந்த அம்மாளே கதாசிரியை ஆனார். தி.ஜானகிராமன், எம்.வி.வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு எல்லோரும் கு.ப.ரா.வைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசியவர்கள். அப்போது யாரும் அதை முகாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீடாமங்கலம் சித்தி: சேது அம்மாள் விஷயம் தெரியாது அத்தான். இதைப் படித்ததும் ஒரு தைரியம் வருகிறது.

*வியாழன் மதியம்*

நீடாமங்கலம் சித்தி: தம்பி, கதையில் பருத்தி எடுக்கிற இடத்தை அனுப்புகிறேன். நீ சாகுபடிக்காரன், படித்துப் பார். "விடிந்தும் விடியாத நேரத்திலேயே செல்வி வயலில் இறங்கிவிட்டாள். இடுப்பில் கட்டிய பழைய புடவைத் துணி இன்னும் காலியாகத் தொங்கியது."

வலங்கைமான் மாமா: நேரம் சரிதான் அக்கா. ஏன் அந்த நேரம் என்று ஒரு வரி வேண்டும். காலையில் பனி ஈரம் இருக்கும்போது எடுத்தால்தான் இலைச்சருகு நொறுங்காது. வெயில் ஏறினால் கை பட்டதும் பொடிப்பொடியாகப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். சருகு இருந்தால் வியாபாரி விலையைக் குறைப்பான். அப்புறம், காய் வெடித்து நிற்கிற ஓட்டு முனை ஊசி மாதிரி இருக்கும். எடுக்கிறவர்களுக்கு நகக்கண்ணில் குத்தும். சாயங்காலம் சோறு பிசையும்போதுதான் எரிச்சல் தெரியும்.

நீடாமங்கலம் சித்தி: சோறு பிசையும்போது. இதை எழுதிக்கொள்கிறேன் தம்பி.

*வெள்ளி இரவு*

நீடாமங்கலம் சித்தி: வந்து சேர்ந்து நல்லபடியாக இருக்கிறேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டிருந்ததால் பஸ் தாமதம். பன்னிரண்டு பேர் வந்திருக்கிறோம், நாலு பேர் பெண்கள். வகுப்பறை பெஞ்சுகளைச் சதுரமாகப் போட்டு உட்கார்ந்தோம். எல்லோர் கதையையும் முன்னாலேயே நகல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், ராத்திரி படித்து ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுத வேண்டும். மறுநாள் யார் கதையோ, அவர் ஒரு பக்கம் வாசித்துவிட்டு வாயே திறக்கக் கூடாது. எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் பதில். இன்று ஒரு பையன் தவித்துப் போனான். அவனைப் பார்க்க எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

அமெரிக்கா கார்த்தி: இது அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-ல் தொடங்கிய பட்டறையின் பேரில் பிரபலமான முறை சித்தி. காரணம் இருக்கிறது. புத்தகம் ஆன பிறகு வாசகன் பக்கத்தில் நின்று நாம் விளக்கம் சொல்ல முடியாதே.

மன்னார்குடி பெரியப்பா: அயோவாவுக்கு நம் அசோகமித்திரன் 1973-ல் போய் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். பல நாட்டு எழுத்தாளர்களை அழைக்கிற வேறொரு திட்டம் அது.

கும்பகோணம் அத்தை: அப்பா இரண்டு தோசை சாப்பிட்டார். மாத்திரை கொடுத்தாகிவிட்டது. நீ வீட்டை நினைக்காமல் படி.

*சனி இரவு*

நீடாமங்கலம் சித்தி: இன்று வேதாரண்யம் பக்கத்துப் பையன் ஒருவன் கதை. உப்பளத்தில் வேலை பார்க்கிற தகப்பன். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கடல் சேறு பாத்தியெல்லாம் வந்து மூடியதே, அதற்கு மறுநாள் காலையில் நடக்கிற கதை. தகப்பன் ஒன்றும் பேசுவதில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கி, காலால் துழாவிப் பாத்தியின் விளிம்பைத் தேடுகிறான். நான் ராத்திரி மறுபடி மறுபடி அதையே படித்தேன். எல்லோரும் புயலைப் பற்றி இன்னும் எழுது என்றார்கள். எனக்குச் சம்மதமில்லை. புயல் எல்லோருக்கும் தெரியும், சேற்றில் துழாவுகிற அந்தக் காலைத்தான் யாருக்கும் தெரியாது, அதை ஒன்றும் செய்யாதே என்று சொன்னேன். சபையில் நான் இவ்வளவு பேசியதில்லை. அந்தப் பையன் நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

வள்ளி: சித்தி, படிக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

நீடாமங்கலம் சித்தி: என் கதையைப் பற்றி என்ன சொல்வார்களோ என்றுதான் நான் வந்தேன் வள்ளி. அடுத்தவர் கதையைப் படிப்பதில்தான் பாதி நேரம் போகிறது, அதில்தான் எனக்கு அதிகம் கிடைக்கிறது. எங்கே அலுக்கிறது, எங்கே மூச்சு நிற்கிறது என்று மற்றவர் கதையில் பளிச்சென்று தெரிகிறது. நாச்சியார்கோவிலிலிருந்து ஒரு பெண் குத்துவிளக்குப் பட்டறை பற்றி எழுதியிருக்கிறாள். பித்தளை வார்க்கிற இடம் அத்தனை அருமை. அப்பா பாத்திரம்தான் பேசிக்கொண்டே இருக்கிறது.

மன்னார்குடி பெரியப்பா: சாயங்காலம் எங்காவது போனீர்களா?

நீடாமங்கலம் சித்தி: காவிரிப் பாலத்தைத் தாண்டி அரசுக் கல்லூரி வரைக்கும் நடந்தோம். ஆறு முழுக்க மணல்தான்.

மன்னார்குடி பெரியப்பா: தி.ஜா.வும் வெங்கட்ராமும் படித்த கல்லூரி. வெங்கட்ராமுக்குப் பட்டுச் சரிகை வியாபாரம். வியாபாரத்துக்கு நடுவில்தான் எழுதினார், 1948-ல் சொந்தப் பணத்தைப் போட்டுத் 'தேனீ' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். வீட்டு வேலைக்கு நடுவில் எழுதுகிறோமே என்று நீ ஒருநாளும் குறையாக நினைக்காதே.

*ஞாயிறு இரவு*

வலங்கைமான் மாமா: அக்கா, இன்று உன் முறை இல்லையா? காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீடாமங்கலம் சித்தி: இப்போதுதான் உட்கார்ந்தேன் தம்பி. வாசிக்கும்போது கை நடுங்கியது. நகக்கண்ணில் குத்துகிற இடமும், ராத்திரி சோறு பிசையும்போது அவள் இடது கைக்கு மாற்றிக்கொள்கிற இடமும் எல்லோருக்கும் பிடித்தது. அங்கே நிறுத்திப் படித்தேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது நீ கொடுத்தது. எடை போடுகிற காட்சியும் நன்றாக இருக்கிறதாம்.

அப்புறம் கடைசிப் பத்தி. தராசு முள் ஏறவில்லை, செல்வி துணியை உதறி மடித்துக்கொண்டு கிளம்புகிறாள், அதற்குப் பிறகு ஏழை உழைப்புக்கு எடை இல்லை என்று ஐந்தாறு வரி எழுதியிருந்தேன். மற்ற பதினொரு பேரில் எட்டு பேர் அதை அடித்து வைத்திருந்தார்கள். நகலைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த எட்டிலும் அதே இடத்தில் பென்சில் கோடு.

நீடாமங்கலம் சித்தப்பா: மனசு கஷ்டப்பட்டாயா?

நீடாமங்கலம் சித்தி: மதியம் வரைக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பத்திக்காகத்தான் கதையையே எழுதியதாக நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து, அந்தப் பத்தி இல்லாமல் நானே ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். துணியை உதறுகிற சத்தத்தோடு நிற்கிறது. நான் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த உதறலில் இருக்கிறது. எடுத்துவிட்டேன். யாரோ எட்டு பேர் என் கதையை இவ்வளவு மெனக்கெட்டுப் படித்திருக்கிறார்களே என்று நினைத்தபோது கண் கலங்கியது. இதுவரைக்கும் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. எங்கே நன்றாக இல்லை என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டியவர்கள் இல்லை.

வள்ளி: நானும் ஹார்ட் போட்டு விட்டுவிடுவேன் சித்தி. இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன்.

அமெரிக்கா கார்த்தி: சித்தி, முகாமுக்குச் செலவு எவ்வளவு? இங்கே கட்டணம் ரொம்ப அதிகம், உதவித்தொகை கிடைத்தால்தான் பலர் போகிறார்கள். டென்னஸியில் சிவானி என்ற ஊரில் 1990 முதல் ஒரு மாநாடு நடக்கிறது. டென்னஸி வில்லியம்ஸ் என்ற நாடகாசிரியர் எழுதிவைத்த சொத்துதான் அதற்கு ஆதாரம்.

நீடாமங்கலம் சித்தி: சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் வாங்கினார்கள் கார்த்தி. மற்றதெல்லாம் நடத்துகிறவர்கள் கைப்பணம். அவர்களில் ஒருவர் காலையில் தானே போய் வாழை இலை வாங்கி வருகிறார்.

அமெரிக்கா கார்த்தி: அடுத்த வருஷத்துக்கு நான் ஏதாவது செய்கிறேன். யாரிடம் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

*திங்கள் இரவு*

கும்பகோணம் அத்தை: மங்கை வந்துவிட்டாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கதை என்ன ஆயிற்று என்று கேட்டார். முழுக்க வாசித்துக் காட்டினாள். தராசு இடம் வந்ததும், எந்தக் கூடத்தில் எடை போட்டார்கள் என்று கேட்டார். நிஜமென்றே நினைத்துவிட்டார்.

மன்னார்குடி பெரியப்பா: அதைவிட என்ன வேண்டும்.

நீடாமங்கலம் சித்தி: ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வேதாரண்யம் பையன், நாச்சியார்கோவில் பெண், நான், மூன்று பேரும் மாதம் ஒரு கதை எழுதி ஒருவருக்கொருவர் அனுப்புவது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நம் வீட்டில் கூடுவது. அத்தான், நீங்களும் வந்து உட்கார வேண்டும். பாராட்ட வேண்டாம், பென்சிலோடு வாருங்கள்.

மன்னார்குடி பெரியப்பா: கட்டாயம் வருகிறேன். சிவப்பு மையில் திருத்திப் பழகிய கை, பென்சிலுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

வள்ளி: டைப் அடிப்பது நான். கையெழுத்துப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் சித்தி, வெளிச்சத்தில் வைத்து எடுங்கள்.

வலங்கைமான் மாமா: அக்கா, வயல் வருகிற கதை எதுவானாலும் முதலில் எனக்கு அனுப்பு. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை வேலையில் இறங்கிவிடுவேன், அப்புறம் போன் பார்க்க நேரம் இருக்காது. அதற்குள் அனுப்பிவிடு.

நீடாமங்கலம் சித்தி: சரி தம்பி. நாற்றங்கால் விடுகிற கதை ஒன்று பாதியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.