வி.ஆர். (மெய்நிகர் உலகம்) ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் மனதை விட்டுப் போகாத காட்சி எது?

பதிவு:
‘க்ளவுட்ஸ் ஓவர் சித்ரா’ பலரும் பார்த்திருப்பீர்கள். ஜோர்டானின் ஜாத்தரி அகதிகள் முகாமில் எடுத்த, எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கக்கூடிய 360 டிகிரி படம், 2015இல் ஐ.நா. ஆதரவோடு வந்தது. சித்ரா என்ற 12 வயது சிரியச் சிறுமி தன் அன்றாடத்தைச் சொல்கிறாள். அவள் அறையில் உட்கார்ந்து பேசும்போது குனிந்து பார்த்தேன். அவள் இருக்கும் அதே தரையில் நானும் இருக்கிறேன், ஆனால் எனக்குக் கால் இல்லை, மடி இல்லை. இன்னும் நெருங்கிக் கேட்கலாம் என்று முன்னால் சாய்ந்தேன். அறையே என்னோடு சேர்ந்து நகர்ந்தது. அவள் அதே தூரத்தில் இருந்தாள். அந்தத் தூரம் இன்னும் உறுத்துகிறது.

மறுமொழி 1:
360 வீடியோவில் தலையைத் திருப்பலாம், கேமரா நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. அந்த இடத்தையே முப்பரிமாணமாகக் கட்டினால்தான் கிட்டே போக முடியும். என் கணக்கில் அது மட்டும்தான் வி.ஆர். அப்படி ஒரு கதையில் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தேன். பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது, உள்காதுக்குத் தெரிவதில்லை. குமட்டல் அந்த முரணால் வருவது. சுழல் நாற்காலியில் உட்காருங்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப லென்ஸைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் படம் மங்கும், கண் வலிக்கும். லேசாகத் தலை சுற்றினாலே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தால் மோசமாகத்தான் ஆகும். முதல் நாளே, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரால் நடக்கும் கதைகள் வேண்டவே வேண்டாம்.

மறுமொழி 2:
“அது மட்டும்தான் வி.ஆர்.” என்பதை நான் ஏற்க மாட்டேன். ‘நோட்ஸ் ஆன் ப்ளைண்ட்னெஸ்: இன்டு டார்க்னெஸ்’ (2016) பாருங்கள். பார்வையை இழந்த ஜான் ஹல் கேசட்டில் பதிந்த ஒலி நாட்குறிப்பிலிருந்து உருவானது அது. சுற்றிலும் இருட்டு. ஓசை எழும் இடத்தில் மட்டும் நீலப் புள்ளிகளாக உருவம் தெரியும், ஓசை நின்றால் உருவமும் போய்விடும். பூங்காக் காட்சியில் நான் எங்கும் நடக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஓசை வருமா என்று அப்படிக் காத்திருந்தேன். ஈடுபாடு கையில் மட்டுமா இருக்கிறது?

மறுமொழி 3:
நான் பார்த்தது ஒரு மருத்துவமனை அறை, 360 வீடியோ. கட்டிலில் அம்மா, பக்கத்தில் மகன். பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன், யாரும் இல்லை. மறுபடி இந்தப் பக்கம் பார்ப்பதற்குள் அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. அவர் கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது, முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்ப வைக்கத்தான் இயக்குநர் அந்தச் சத்தத்தை வைத்தாரா? இதே படத்தைத் திரும்பாமல் பார்த்தவர் யாராவது இருந்தால், அந்த முகம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.