'கிராக்கி': வாங்க வர்றவரா, விலையேற்றமா, வசவா?

மாங்கொட்டை:
தருமபுரி–கிருஷ்ணகிரி வட்டாரச் சொல் தொகுப்புல 'கிராக்கி'க்கு வந்து நிக்குது. பாலக்கோடு தக்காளி மண்டியில "கிராக்கி வந்தாச்சு, எடையப் போடு"ங்கிறாங்க. அதே இடத்துல "தக்காளிக்கு இன்னைக்கு நல்ல கிராக்கி". பஸ் ஸ்டாண்டுல குறுக்கே ஓடுறவனுக்கு "சாவுகிராக்கி". இது ஒரே சொல்லா? எந்த அர்த்தம் முதல்ல வந்தது, எப்படிப் பிரிச்சுப் பதியறது?

தளி ரோடு:
ஒரே சொல்தாங்க. அடி அர்த்தம் வாங்க வர்ற ஆள். வடமொழி 'கிராஹக', மராத்தி 'கிர்ஹாயிக்' எல்லாம் ஒரே குடும்பம். கன்னடத்துல இன்னைக்கும் 'கிராக்கி'ன்னா வாடிக்கையாளர். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடைக்காரங்க ரெண்டு மொழியும் கலந்து பேசுறதால அந்தப் பழைய அர்த்தம் அங்க கெட்டியா நிக்குது. தெலுங்குல தேவைங்கிற பக்கம் சாய்ஞ்சிருச்சு, பொதுத் தமிழ்லயும் அப்படித்தான். வாங்க ஆள் கூடினா சரக்குக்குப் போட்டி, போட்டி வந்தா விலை ஏறும். ஆளைச் சொன்ன சொல் ஏற்றத்துக்கே பேராயிருச்சு.

அதோட உச்சம் 'கிராக்கிப்படி'. இப்ப அகவிலைப்படின்னு சொல்றதுக்குப் பஞ்சப்படி, கிராக்கிப்படின்னு முன்னால பேரு. இரண்டாம் உலகப் போர்க் கால விலைவாசியில அரசு ஊழியருக்கு வந்த படி அது. அந்தக் கூட்டுச்சொல்லுல வாங்குற ஆளே கிடையாது, விலைவாசி மட்டும்தான். "ரொம்பக் கிராக்கி பண்றான்" இதுக்கும் அடுத்த கட்டம்: தன் விலையைத் தானே ஏத்திக்கிறது.

வேப்பனப்பள்ளி:
பிரிக்கிறதுக்கு வாக்கிய அமைப்பே போதும். முன்னால 'தக்காளிக்கு', 'மல்கோவாவுக்கு'ன்னு பொருளோட 'க்கு' வந்தா தேவை. முன்னால எண் நின்னா ஆள்: "காலையில நாலு கிராக்கி"ன்னா நாலு பேர்தான். பின்னால 'பண்றான், பண்ணிக்கிறா' வந்தா பிகு. முக்கியமா கவனிங்க, ஆளைச் சொல்றப்பவும் "கிராக்கி வந்துச்சு"ன்னு அஃறிணையிலதான் முடிக்கிறாங்க. மரியாதை நழுவின இடம் அதுதான். "அது ஒரு மாதிரி கிராக்கி"ங்கிறதுக்கும், பெண்களைச் சொல்ற கேவலமான பேச்சுக்கும் வழி அங்கதான் திறந்தது. அந்தப் பதிவுல 'இழிவழக்கு'ன்னு கட்டாயம் போடுங்க.

பென்னாகரம் மைனா:
'சாவுகிராக்கி' சென்னைப் பேச்சு. சாவைத் தேடி வாங்க வந்து நிக்கிற ஆள்னு அர்த்தம். இதோட 'கிராக்கு'வைச் சேர்த்துடாதீங்க. "அவன் ஒரு கிராக்கு" ஆங்கில 'கிராக்'ல இருந்து வந்தது, பைத்தியம்னு பொருள். ஒலி ஒத்துப்போறதால ரெண்டையும் ஒரே பதிவுல போட்டுடுறாங்க.

பேச்சுல 'கெராக்கி'ன்னும் ஒலிக்கும், ரெண்டு எழுத்துலயும் தேடுங்க. பழைய ஆவணம்னா மாவட்டப் பேரும் மாறும்: 1965 அக்டோபருக்கு முன்னால சேலம், கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி வரைக்கும் தருமபுரிக்குள்ள. இன்றைய பேரை மட்டும் போட்டா பாதி சிக்காது.

மாங்கொட்டை:
நன்றிங்க. மண்டியில நேரா "கிராக்கின்னா என்ன?"ன்னு கேட்டா எல்லாரும் 'டிமாண்டு'ன்னே சொல்றாங்க.

வேப்பனப்பள்ளி:
அப்படிக் கேட்கவே கூடாது. கேட்டா பேப்பர்ல படிச்ச அர்த்தம்தான் வரும். ஏலம் நடக்கிறப்ப பக்கத்துல நின்னு, வாக்கியத்தை முழுசா எழுதுங்க: யார் யார்கிட்ட சொன்னது, சுமார் வயசு, வீட்டுமொழி, ஊர். வீட்டுமொழிக் கட்டத்தைக் காலியா விட்டா கன்னட அர்த்தம் எது, தமிழ் அர்த்தம் எதுன்னு பின்னால பிரிக்கவே முடியாது.