கடலில் கலக்கும் கதிரியக்கக் கழிவு: ‘உருநிலை’ என்னும் சொல் பற்றி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மண்டபத்தில் மேல்நிலை மாணவர்களுக்காக நாங்கள் எழுதும் கடல்வேதியியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; ‘ஸ்பீசியேஷன்’ என்பதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. கடல்நீரில் ஒரு தனிமம் அயனியாக (மின்னூட்டம் பெற்ற அணுவாக) இருக்கிறதா, கூழ்மமாக (நீரில் படியாமல் மிதக்கும் மிக நுண்ணிய துகளாக) இருக்கிறதா, பெரிய துகளில் ஒட்டியிருக்கிறதா, எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் (எத்தனை எலக்ட்ரான்களை இழந்த நிலையில்) இருக்கிறது என்ற அத்தனையையும் அச்சொல் தாங்க வேண்டும்.

தேவிபட்டினத்து ஐயா தந்த ‘இனமாக்கம்’, புதிய உயிரினம் தோன்றுவதைக் குறிக்கும் சொல்லாக உயிரியலுக்குப் போய்விட்டது. பரமக்குடி அம்மா தந்த ‘திரிபு’ நல்ல இலக்கணச் சொல். ஆனால் கதிர்வீசும் சீசியம்-137 உண்மையிலேயே பேரியமாகத் திரிகிறது என்பதால் மாணவர் குழம்புவர். நான் ‘உருநிலை’ என்கிறேன். மரத்தை, மரத்தில், மரத்திலிருந்து என்னும்போது மரம் மரமாகவே நிற்க, வேற்றுமை உருபுதான் வினையோடு அதற்குள்ள உறவை மாற்றுகிறது. தனிமமும் அப்படித்தான்.

இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு எரிபொருள் மறுசெயலாக்க ஆலையிலிருந்து ஐரியக் கடலில் விடப்பட்ட சீசியத்தின் பெரும்பகுதி கரைந்த அயனியாக நீரோட்டத்தோடு ஸ்காட்லாந்தின் வடமுனையைச் சுற்றி வடகடல்வரை சென்றது. புளூட்டோனியத்தின் பெரும்பகுதியோ நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் துகள்களைப் பற்றிக்கொண்டு அருகிலிருந்த சேற்றிலேயே தங்கியது. ஐந்தாம் நிலையில் உள்ளதுதான் கரைந்து நகர்கிறது. டெக்னீசியம்-99 கரைந்த எதிரயனியாகவே (எதிர்மின்னூட்ட அயனியாகவே) இருந்தும் சிங்கி இறாலின் உடலில் சேர்ந்தது. டிரிட்டியம் நீர் மூலக்கூறிலேயே இடம்பிடித்துவிடுவதால் எந்த வடிகட்டியிலும் நிற்காது. ‘கழிவு கலந்தது’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதினால் இவ்வளவும் மறைந்துவிடும்.

கீழக்கரை ஐயா, ‘தெளிவு, கலங்கல், மண்டி (அடிப்படிவு)’ என்னும் கரையோரச் சொற்களே போதும் என்று எழுதியதோடு, மண்டுதல் என்றால் நெருங்குதல், நெருங்கியது படியும் என்று வேர் வரை சென்றார்கள். மண்டியை நான் மனமார ஏற்கிறேன், தெளிவில்தான் தயக்கம். சென்ற வாரம் பாக் நீரிணையின் கலங்கலை ஒரு கண்ணாடிக் குடுவையில் மொண்டு வகுப்பு மேசையில் வைத்தேன். மணல் உடனே அமர்ந்தது, வண்டல் மாலைக்குள் இறங்கியது. மறுநாள் காலையிலும் மேலே பால்போல ஒரு மங்கல் நின்றது. 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியைக் கடந்ததையெல்லாம் ‘கரைந்தது’ என்று கணக்கிடுவது வழக்கம், ஆனால் நுண்ணிய கூழ்மமும் அதில் கடந்துவிடும். கண்ணுக்குத் தெளிந்த நீரிலும் அது இருக்கக்கூடும்.

‘அயனி’ வேற்றுமொழிச் சொல், வேண்டாம் என்னும் தொண்டி ஆசிரியருக்கு: வடசொல்லையே, வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தில் கொள்ளத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார். அது இருக்கட்டும்.

மறுப்பு வராவிட்டால் ‘உருநிலை’ அச்சேறும்.

கீழக்கரையிலிருந்து மறுமொழி:

தம்பி, கையேட்டுக்கு உங்கள் சொல் இருக்கட்டும், பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கழுத்தளவு நீரில் நின்று பாசி எடுக்கும் பெண்கள், கழிவு எங்கே போகும் என்று என்னிடம் கேட்டால், ‘உருநிலையைப் பொறுத்தது’ என்று சொல்ல எனக்கு நா எழாது. கொஞ்சம் தண்ணீரோடு ஓடும், கொஞ்சம் மண்டியில் தங்கும் என்றுதான் சொல்வேன். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.