ஊர்க்காரப் பெரியம்மா பட்டணத்தில் துப்பறிகிற மாதிரி நாவல் இருக்கிறதா?

கரிசல்காடு:

என் பெரியம்மா கண் ஆபரேஷனுக்காகக் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு வந்து எங்கள் வீட்டில் இருக்கிறார். வந்து பதினோரு நாள்தான் ஆகிறது. அதற்குள், எங்கள் அப்பார்ட்மெண்டில் ஆறு மாதமாக யாருக்கும் பிடிபடாத பால் பாக்கெட் திருட்டைத் துப்பு துலக்கிவிட்டார். கேமரா வைப்பதா வேண்டாமா என்று அசோசியேஷன் இரண்டு முறை கூடிக் கலைந்திருந்தது. பெரியம்மா செய்ததெல்லாம், ஆபரேஷன் முடிந்து கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு கீழே மாடிப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவியதுதான். போகிற வருகிற எல்லாரிடமும் "நீங்க எந்த ஊரு?" என்று ஒரு கேள்வி. நான் நாலு வருஷமாக இருக்கிறேன், எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. பெரியம்மாவுக்கு அவருடைய மச்சினன் என்ன வேலை பார்க்கிறான் என்பது வரை தெரியும்.

இந்த மாதிரி நாவல்கள் வேண்டும். சின்ன ஊர் ஆள், பெரிய ஊர், துப்பறிவது தொழிலாக இருக்கக்கூடாது, சிரிப்பு வர வேண்டும், ரத்தம் குறைவாக இருந்தால் நல்லது. துப்பறியும் சாம்பு படித்தாயிற்று. சாம்பு கால் தடுக்கி விழுந்தால் அங்கே திருடன் இருப்பான். பெரியம்மா அப்படி இல்லை, நிஜமாகவே மூளை இருக்கிறது. ஆங்கிலம் என்றாலும் சரி, அகராதி கேட்காத ஆங்கிலமாக இருந்தால் போதும்.

கடைசிபெஞ்சு:

நீங்கள் தேடுகிற பெரியம்மா ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவில் இருக்கிறார். பெயர் பிரெஷஸ் ரமோட்ஸ்வே. அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் எழுதிய 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்ஸி', 1998இல் வந்தது. அதற்குப் பிறகு அதே வரிசையில் இருபதுக்கு மேல் வந்துவிட்டன. எழுதியவர் எடின்பரோவில் சட்டப் பேராசிரியராக இருந்தவர், போட்ஸ்வானாவிலும் பாடம் நடத்தியிருக்கிறார்.

அந்த ஊரில் பெண்களை மரியாதையாக 'ம்மா' என்று அழைப்பார்கள். ம்மா ரமோட்ஸ்வே. நமக்கு அது அம்மா என்றே காதில் விழும், அதனாலேயே எனக்கு முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கதை எப்படித் தொடங்குகிறது என்றால், மோச்சுடி என்கிற ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் உழைத்து நுரையீரல் போனவர், ஆனால் நல்ல மாட்டு மந்தை சேர்த்தவர். மாடுகளை விற்றுக் கறிக்கடையோ சாராயக்கடையோ வைத்துக்கொள் என்கிறார். மகள், தலைநகர் காபரோனில் துப்பறியும் நிலையம் வைக்கப்போகிறேன் என்கிறாள். அப்பாவின் கண் அகல விரிகிறது. "ஆனா... ஆனா..." என்று இழுக்கிறார், அதோடு உயிர் போய்விடுகிறது. சாவு வீட்டுக் காட்சியில் இப்படிச் சிரிக்க வைத்தவரை நான் அதிகம் படித்ததில்லை. சிரித்துவிட்டு, ஐயோ என்று இருக்கும்.

ஆபீஸில் சாமான் என்று பார்த்தால் இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு டெலிபோன், ஒரு பழைய டைப்ரைட்டர், ஒரு டீ பாட். அப்புறம் மூன்று கோப்பை: தனக்கொன்று, செக்ரட்டரிக்கொன்று, கேஸ் கொண்டுவருபவருக்கொன்று. இரண்டு பேராக வந்தால் என்ன செய்வாள் என்று எனக்கு இன்றுவரை கவலை.

அந்தச் செக்ரட்டரி, மகுட்ஸி, செக்ரட்டரி கல்லூரியில் 97 சதவீதம் வாங்கியவள். நம் வீடுகளில் பத்தாம் வகுப்பு மார்க்கைக் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் இழுப்பார்களே, அப்படி அந்த 97 எல்லாப் புத்தகத்திலும் வரும்.

கேஸ் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், முதல் அத்தியாயம்தான், பாதகமில்லை. ஒரு பெண்ணின் வீட்டுக்கு, சின்ன வயதில் விட்டுப்போன உன் அப்பா நான்தான் என்று ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், ஒரு வேலையும் செய்வதில்லை. நிஜ அப்பாதானா? ம்மா ரமோட்ஸ்வே நர்ஸ் உடுப்பை மாட்டிக்கொண்டு போய், உங்கள் மகள் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறாள், அப்பாவின் ரத்தம்தான் வேண்டும், நிறைய எடுப்பதால் உங்கள் உயிருக்கே ஆபத்து வரலாம் என்கிறாள். அப்பா என்கிற உறவு அந்த நிமிஷமே ரத்தாகிவிடுகிறது.

டி.என்.ஏ. இல்லை, பூதக்கண்ணாடி இல்லை. பெற்றவன் எப்படி இருப்பான் என்று மோச்சுடியில் பார்த்து வளர்ந்தவள், அதைக் காபரோனில் பயன்படுத்துகிறாள், அவ்வளவுதான். பல கேஸ்களில் போலீஸே வராது. தப்பு செய்தவரை உட்கார வைத்து நாலு வார்த்தை கேட்டு முடித்துவிடுவாள். ஆங்கிலம் எளிது, பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கலாம்.

பழையபேப்பர்:

சாம்புவைப் பற்றி இவ்வளவு லேசாகப் பேசக்கூடாது. தேவன் 1940களில் விகடனில் எழுதியது. ஊரே சாம்புவை மேதை என்று நம்புகிறது, பாங்க் குமாஸ்தாவாக இருந்த அந்த மனிதருக்கு மட்டும்தான் தன் விஷயம் தெரியும். அந்தச் சங்கடத்தில்தான் சிரிப்பே இருக்கிறது. சரி, உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மோச்சுடிக்கும் காபரோனுக்கும் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு வருவது போல. நாட்டுக்கு 1966இல் சுதந்திரம் கிடைத்த சமயத்தில் தலைநகராகக் கட்டிய ஊர் காபரோன். பெரிய பட்டணத்தில் கிராமத்துக் கிழவி வேண்டும் என்றால் அகதா கிறிஸ்டியின் 'அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்', 1965. செயிண்ட் மேரி மீட் என்கிற கிராமத்திலிருந்து மிஸ் மார்ப்பிள் என்கிற கிழவி லண்டனுக்கு வந்து, சின்ன வயதில் தங்கிய ஹோட்டலிலேயே தங்குகிறாள். அதே டீ, அதே மஃபின், அதே பழைய மனிதர்கள். எல்லாரும் ஆகா என்கிறார்கள். எதுவுமே மாறாமல் இருப்பது அவளுக்கு மட்டும் உறுத்துகிறது. விழுந்து விழுந்து சிரிக்க முடியாது, ஆனால் கிழவியின் மூக்கு பிரமாதம்.

மூணாவதுமாடி:

அதெல்லாம் இருக்கட்டும். பாலை எடுத்தது யார்?

கரிசல்காடு:

அசோசியேஷன் செயலாளரேதான். கேமரா மீட்டிங்கைக் கூட்டியவர்.

பெரியம்மா குப்பைக் கூடையில் காலி பாக்கெட்டுகளைப் பார்த்திருக்கிறார். எல்லார் வீட்டு பாக்கெட்டும் பல்லால் கடித்தது, இல்லை கத்தியால் கிழித்தது. சில பாக்கெட் மட்டும் மூலையில் கத்தரியால், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வெட்டியிருந்தது. "இது பொம்பளை வெட்டினது இல்ல. வேலையில இருந்து ரிட்டயர் ஆன ஆளு" என்றார். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த காகிதங்களின் ஓரமும் அதே நேர். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாலு நாய்க்குட்டி. வீட்டில் நாய் என்ற பேச்சே எடுக்கக்கூடாதாம், அதனால் ஊரார் பால்.

பெரியம்மா யாரிடமும் சொல்லவில்லை. அவரைப் படிக்கட்டில் நிறுத்தி, "தம்பி, குட்டிக்கு வெறும் பால் கொடுத்தா வயித்தால போகும். கஞ்சியில கலந்து குடுங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பால் காணாமல் போவது நின்றுவிட்டது.

கடைசிபெஞ்சு சொன்ன புத்தகத்தை வாங்கிவிட்டேன். நேற்று ராத்திரி சொட்டு மருந்து போட்டுவிட்டு முதல் அத்தியாயத்தைப் பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். அப்பா செத்தார், மாடுகளை விற்றாள், ஆபீஸ் திறந்தாள் என்றதும் கை காட்டி நிறுத்தினார்.

"ஏட்டி, எல்லா மாட்டையுமா வித்தா? ஒண்ணை வெச்சிருக்கக் கூடாதா, வீட்டுப் பாலுக்கு?"