கார்பன் ஃபைபர் சிலிண்டர் கணக்குல வந்த லோடுக்கு ரொம்ப முன்னாடியே பக்கிள் ஆகுது (சுவர் நெளிஞ்சு மடங்கிருது), ஏன்?

எபாக்சி_மாணவன்: ஆரம் 250 மிமீ, உயரம் 500, சுவர் கனம் வெறும் 0.5 மிமீ, நாலே லேயர். மேலருந்து அமுக்குனா ஐகன்வேல்யூ அனாலிசிஸ் (எந்த லோடுல பக்கிள் ஆகும்னு கம்ப்யூட்டர்ல போடற கணக்கு) சொன்ன லோடுல பாதியைக் கொஞ்சம் தாண்டுனதுமே பட்டுன்னு ஒரு சத்தம், சுத்தி டைமண்ட் ஷேப்ல குழி குழியா விழுந்துருச்சு, லோடை எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி பழையபடி நிக்குது. கணக்குக்காக மாடலைத் துண்டு துண்டா பிரிக்கற மெஷ்ஷை எவ்ளோ சின்னதாக்குனாலும் அதே நம்பர்தான். மெட்டீரியல் டேட்டா தப்பா இருக்குமா?

ஷெல்_பைத்தியம்: மெட்டீரியல் மேல பழி போடாதீங்க ப்ரோ, திரும்ப நிமிர்ந்துருச்சுன்னா ஃபைபர் உடையல, இது எலாஸ்டிக் பக்லிங். ஐகன்வேல்யூ கணக்கு துளி பிசகில்லாத உருளைக்குத்தான். நிஜ சிலிண்டர்ல சுவர் கனத்துல ஒரு சின்ன பங்கு அளவு நெளிவு இருந்தாலே லோடு மடமடன்னு இறங்கிரும், டச்சு இன்ஜினியர் காய்ட்டர் 1945லயே தீசிஸ்ல இதைப் போட்டு உடைச்சிட்டாரு. சிலிண்டர் பக்லிங்குக்கான நாசா கையேடு எஸ்பி-8007 ஃபார்முலால ஆரம்/கனம் 500ன்னு போட்டா, கணக்குல வந்த லோடைக் குறைக்கற ஃபேக்டர் 0.32தான் வருது, உங்க பீஸ் நல்லாவே தாங்கியிருக்கு.

லேயர்_வரிசை: அந்த 0.32ஐ அப்படியே டிசைனுக்கு எடுத்துறாதீங்க, வெயிட் தேவையில்லாம ஏறும். அது பழைய டெஸ்ட் புள்ளிகளுக்கெல்லாம் அடியில போட்ட கோடு, அதுவும் ஐசோட்ரோபிக் (எல்லா திசையிலும் ஒரே குணம் இருக்கற, உலோகம் மாதிரி) சுவருக்கு. உங்களோட மாதிரி கம்போசிட்ல அதே ஃபைபர் ஆங்கிள்களை உள்பக்கம் வெளிப்பக்கம்னு மாத்தி அடுக்குனாலே லோடும் மாறும், நெளிவுக்கு எவ்ளோ பயப்படும்ங்கறதும் மாறும். நாசாவே 2007ல இந்த ஃபேக்டரையெல்லாம் திருத்தறதுக்குன்னு தனி ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாங்க. மேற்பரப்பை ஸ்கேன் பண்ணி அந்த நெளிவோட நான்லீனியர் ரன் (லோடு ஏற ஏற வடிவம் மாறறதையும் சேர்த்துப் போடற கணக்கு) ஓட்டுங்க.

எபாக்சி_மாணவன்: ஸ்கேன் போட்டு ஓட்டிட்டேங்க, ரொம்ப கிட்ட வந்துருச்சு, ஆனாலும் டெஸ்ட்டை விட மேலதான் நிக்குது.

ஷெல்_பைத்தியம்: அப்போ முனையைப் பாருங்க. இந்த சைஸுக்கு பக்கிள் ஆகறவரை மொத்த சுருக்கமே அரை மிமீ சுத்தித்தான் இருக்கும், அதுல முனை ஒரு பக்கம் 0.1 மிமீ அதிகமா தேய்ஞ்சிருந்தாலே லோடு எதிர்ப்பக்கம் அதிகமாப் போய் உக்காந்துக்கும். ரெண்டு முனையையும் ரெசின்ல பதிச்சு இணையா மெஷின் பண்ணுங்க, அப்புறம் சுத்தி சம இடைவெளில மூணு ஸ்ட்ரெயின் கேஜாவது (சுவர் எவ்ளோ சுருங்குதுன்னு அளக்கற சென்சார்) ஒட்டி லேசா லோடு குடுத்துப் பாருங்க, மூணும் ஒண்ணாப் போகலைன்னா கீழ ஷிம் (மெல்லிசான தகடு) வச்சு சரிபண்ணிட்டு அப்புறமா மேல போங்க.