கிரானுலோமா: உடம்பு கட்டிய சிறையா, கிருமி குடியேறிய வீடா?

கதிரவன்:
"காசநோயில் நுரையீரலைக் கெடுப்பது கிருமியை விட நம் எதிர்ப்பு சக்திதான்" என்று யாழினி எழுதியிருந்தார். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

உலகில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குள் இந்தக் கிருமி எப்போதாவது நுழைந்திருக்கும் என்பது மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்தான் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களைக் காப்பாற்றியது எது? கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் அதை அடையாளம் காணும் டி செல்களும் கிருமியைச் சூழ்ந்து கட்டும் கிரானுலோமா என்ற சிறு முடிச்சுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அதைப் போய்க் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா?

யாழினி:
அந்த முடிச்சுக்குள் கிருமி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், கதிரவன். தன்னைக் கொல்ல வந்த மேக்ரோஃபேஜின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வேறு கிருமியாக இருந்தால், அதை விழுங்கிய பை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுடன் இணையும். அமிலமும் நொதிகளும் சேர்ந்து அதைக் கரைத்துவிடும். காசநோய்க் கிருமி அந்த இணைப்பையே தடுக்கிறது. இஎஸ்எக்ஸ்-1 என்ற சுரப்பு அமைப்பின் வழியாகப் புரதங்களைத் தள்ளி, பையின் சுவரையும் சேதப்படுத்துகிறது. அப்புறம் ஏறக்குறைய 20 மணி நேரத்துக்கு ஒருமுறை நிதானமாகப் பெருகுகிறது.

2009-ல் டேவிஸும் லலிதா ராமகிருஷ்ணனும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். குஞ்சுகளின் உடல் ஒளி ஊடுருவுவதால் உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான மெரினம் கிருமியை உள்ளே செலுத்தினார்கள். தொற்றிய மேக்ரோஃபேஜ் ஒன்று செத்ததும் புதியவை ஓடி வந்து அதைத் தின்றன. தின்றவற்றுக்கும் தொற்றியது. சில அங்கிருந்து கிளம்பிப் போய் வேறிடத்தில் புது முடிச்சைத் தொடங்கின. இஎஸ்எக்ஸ்-1 இல்லாத கிருமியைச் செலுத்தியபோது இந்தக் கூட்டம் சரியாகக் கூடவே இல்லை. கூட்டத்தைக் கூட்டுவதே கிருமி என்றால் அதைச் சிறை என்று எப்படிச் சொல்வது?

கதிரவன்:
அருமையான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வயதுக் குஞ்சுகளுக்கு முதிர்ந்த டி செல் எதிர்ப்பு இன்னும் வந்திருக்காது. மனிதருக்குச் சில வாரங்களில் டி செல்கள் வந்து சேர்ந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, மேக்ரோஃபேஜுக்கு முறுக்கேற்றுகின்றன. முதல் காட்சியை வைத்தே முழுக் கதையையும் முடிவு செய்துவிட்டீர்கள்.

மனிதரிடமே சாட்சி இருக்கிறது. மூட்டுவாதத்துக்குத் தரும் இன்ஃப்ளிக்ஸிமாப், டிஎன்எஃப் என்ற எதிர்ப்புப் புரதத்தை முடக்கும் மருந்து. அதை எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-ல் ஒரு கட்டுரை தொகுத்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் நுரையீரலைத் தாண்டிய இடங்களில் இருந்தது. ஹெச்ஐவியால் சிடி4 என்ற வகை டி செல்கள் குறையும்போதும் இதுதான் நடக்கிறது. காவலை எடுத்தால் கைதி தப்புகிறான் என்றால், அது சிறைதானே?

செந்தாமரை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதே வகை ஊசியை நான் முடக்குவாதத்துக்குத் தொடங்க இருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் டிபி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். மேலே உள்ளதைப் படித்ததும் பயமாக இருக்கிறது.

கதிரவன்:
பயப்படாதீர்கள் அம்மா. அந்தப் பரிசோதனை கிருமியைக் காட்டுவதில்லை. உங்கள் டி செல்கள் அதன் புரதங்களை முன்பே சந்தித்திருக்கின்றனவா என்பதைத்தான் காட்டுகிறது. இப்படி வந்தால் ஊசிக்கு முன்பே தடுப்பு மாத்திரை தொடங்குவதுதான் வழக்கம். ஆபத்து வெகுவாகக் குறையும். முடிவை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

யாழினி:
மாத்திரையைப் பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கதிரவன், டிஎன்எஃப் சாட்சியை ஏற்கிறேன். என் கேள்வி வேறு. கிருமி அடுத்த ஆளுக்கு எப்படிப் போகிறது? பெரும்பாலும் முடிச்சின் நடுப்பகுதி செத்து, உருகி, மூச்சுக்குழாய்க்குள் உடைந்து, நுரையீரலில் குழி விழுந்த பிறகுதான் இருமலில் ஏராளமாக வெளியேறுகிறது. அந்தத் திசுவை உருக்குவதில் நம் செல்கள் சுரக்கும் நொதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சிடி4 மிகவும் குறைந்த ஹெச்ஐவி நோயாளிகளுக்கு இந்தக் குழிகள் குறைவாகவே விழுகின்றன.

இன்னொன்று. பல கிருமிகள் டி செல்களிடமிருந்து தப்புவதற்காக, அவை அடையாளம் காணும் பகுதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும். 2010-ல் காசநோய்க் கிருமியின் 21 வகைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டார்கள். டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகள்தான் மற்றவற்றை விட மாறாமல் இருந்தன. மறைந்துகொள்ள அதற்கு அக்கறையே இல்லை. டி செல்கள் தன்னை அடையாளம் காண்பதால் அதற்கு ஏதோ லாபம் இருக்க வேண்டும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கதிரவன்:
இது என்னை யோசிக்க வைக்கிறது, உண்மையாகவே. ஆனால் 2014-ல் வெளியான குரங்கு ஆய்வைப் பாருங்கள். ஒரே குரங்கின் நுரையீரலில் சில முடிச்சுகளில் கிருமி முழுக்க அழிந்திருந்தது, வேறு சிலவற்றில் உயிரோடு இருந்தது. வெறும் வீடு என்றால், அழிந்த முடிச்சுகளை எப்படி விளக்குவீர்கள்?

யாழினி:
விளக்க முடியாது. சில முடிச்சுகள் உண்மையிலேயே கொல்கின்றன. "கிருமியை விட" என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் காவல் கூடினால் நல்லது என்ற உங்கள் கணக்கை விடமாட்டேன். பிடி-1 என்ற புரதம் டி செல்களுக்குப் பிரேக் மாதிரி. அது இல்லாத எலிகளுக்குக் காசநோய் கொடுத்துப் பார்த்தார்கள். பிரேக் இல்லாத டி செல்கள் கிருமியை விரட்டியிருக்க வேண்டும். அந்த எலிகள் சாதாரண எலிகளை விடச் சீக்கிரம் செத்தன. அங்கே காவலர்களுக்குப் பஞ்சமே இல்லை, கதிரவன். இதற்கு உங்கள் விளக்கம் என்ன?